மார்கழி மீனும் மாமனார் மவுனமும்

போன ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? ஊத்துக்கோட்டை ரோட்டில் ஒரு சின்னப் பாலத்தை ஒட்டி, ஆற்றிலிருந்து பிரிகிற கால்வாய்க் கரையில், தலையில் குரங்குக் குல்லாவும் கையில் தூண்டிலுமாக!

எழுதுகிறவனுக்கு இந்த வேலை எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? என் வீட்டிலும் இதையேதான் கேட்டார்கள். வார்த்தைகள்தான் இன்னும் கொஞ்சம் காரமாக இருந்தன.

முதலில் எங்கள் பக்கத்துக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஃபேனை ஒன்றில் வைத்தால் போதும் என்கிற அளவுக்குக் குளிரும். அவ்வளவுதான். அதற்கே ஊர் மொத்தமும் ஸ்வெட்டர், மப்ளர், காதில் பஞ்சு என்று இமயமலைக்குக் கிளம்பிய மாதிரி திரியும். ஆனால் இந்தக் குளிருக்கு ஒரு மரியாதை உண்டு. மற்ற மாதங்களில் கிரிக்கெட் மைதானமாக இருக்கிற எங்கள் ஆறு, மழை முடிந்த இந்த நாட்களில்தான் 'நானும் ஆறுதான்யா' என்று தண்ணீரோடு ஓடிக் காட்டும். தண்ணீர் வந்தால் மீன் வரும். மீன் வந்தால்... கும்மிடிப்பூண்டியில் வாரம் முழுக்க இரும்போடு மல்லுக்கட்டுகிற ஆண்கள் எல்லாம், ஆஃப் கிடைத்த அன்று கரைக்கு வந்துவிடுவார்கள்.

வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் சோம்பேறி. அதே மனிதர் கையில் ஒரு கழியை வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தால்? மீன் பிடிக்கிறார்! கேஸ் சிலிண்டர் மாற்றச் சொல்ல முடியாது, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்ல முடியாது. சும்மா இருப்பதை இவ்வளவு கௌரவமாகச் செய்ய இன்னொரு வழியை மனிதகுலம் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

அப்படிச் சும்மா இருப்பதில் நிபுணர் என் ரயில் சிநேகிதர் ஏகாம்பரம். ஒரு இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறார். பல வருஷமாக ஒரே பெட்டியில் வந்து போன பழக்கம். அவருடைய ஒரே மகள் பவித்ரா என்னைச் 'சித்தப்பா' என்றுதான் கூப்பிடுவாள். நான் கரைக்குப் போனதே அவள் போட்ட ஒரு போனால்தான்.

"சித்தப்பா, நான் முடிவா சொல்லிட்டேன். தை பொறந்ததும் வளைகாப்பு. அது முடிஞ்சா பிரசவத்துக்கு அம்மா ஊட்டுக்கு வரணும். அப்பா அவரு வாயால என் ஊட்டுக்காரர ஊட்டுக்குக் கூப்டணும். கூப்டலன்னா நான் வரமாட்டேன். கொழந்த இங்க மாமியார் ஊட்லயே பொறக்கட்டும்."

"அம்மா இன்னாம்மா சொல்றாங்க?"

"அழுதுக்கினுதான் கீது. ரூமுக்கு வெள்ள அடிச்சி, கட்டிலு போட்டு, கொசுவலகூட கட்டி வெச்சிட்டுது. அப்பா வாயத் தொறந்தாதான?"

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கவில்லை என்றால் தெருவில் என்னென்ன பேசுவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொசுவலை கட்டிய அந்தக் காலிக் கட்டிலைத் தாண்டித்தான் பெற்றவள் தினமும் அடுப்படிக்குப் போக வேண்டும்.

சரி, மாமனாரும் மருமகனும் பேசாமல் இருக்க என்ன காரணம்? சொத்தா? ஜாதியா? வரதட்சணையா? அப்படி ஏதாவது இருந்திருந்தால் பஞ்சாயத்து வைத்தாவது முடித்திருக்கலாம். இது பேனர் பிரச்சினை!

மாப்பிள்ளை பெயர் தினேஷ். ஊத்துக்கோட்டைக்காரர். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். தங்கமான பிள்ளை. கல்யாணத்தன்று அவருடைய நண்பர்கள் மண்டப வாசலில் ஒரு பிளெக்ஸ் பேனர் வைத்தார்கள். நடுவில் கூலிங் கிளாஸோடு மாப்பிள்ளை, பக்கத்தில் பெண். சுற்றிலும் வாழ்த்தும் நண்பர்கள், நண்பர்களின் தம்பிகள், தம்பிகளின் கைக்குழந்தைகள்... ஓரத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒரு நாய். நண்பர் ஒருவர் வளர்க்கிறதாம். இத்தனை பேருக்கும் இடம் இருந்த அந்த பேனரில், பெண்ணைப் பெற்ற ஏகாம்பரம் மட்டும் இல்லை.

"நாயிக்கு எடம் இருக்குது, எனக்கு இல்ல" என்று அன்றைக்குச் சொன்னவர்தான். அதற்குப் பிறகு மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாப்பிள்ளையும் ஒன்றிரண்டு தடவை 'மாமா' என்று ஆரம்பித்துப் பார்த்தார். சுவரிடம் பேசின மாதிரி இருந்ததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

பவித்ராவின் திட்டம் இதுதான்: "மீன் புடிக்கிற எடத்துல அப்பா நல்ல மூடுல இருப்பாரு சித்தப்பா. நீங்க கூடப் போங்க. நான் இவர அங்க அனுப்பி வெக்கிறேன்."

நல்ல திட்டம். ஒரே ஒரு சிக்கல்... மீன் பிடிக்கிற இடத்தில் பேசக் கூடாது என்பதுதான் முதல் விதி.

தூது போகிறவனும் தூண்டில் போட வேண்டாமா? ஆன்லைனில் ஒரு தூண்டில் வாங்கினேன். மடக்குகிற கழி, சுற்றுகிற ரீல், ரப்பரில் செய்த பச்சைத் தவளை. வீடியோவில் ஒரு தம்பி "ஃபிரண்ட்ஸ்... இத போட்டா போதும் ஃபிரண்ட்ஸ்" என்று தொடை கனத்துக்கு மீனைத் தூக்கிக் காட்டினார். நானும் நம்பினேன். நம்மை மாதிரி ஆட்களைத்தான் அந்தத் தவளை முதலில் பிடிக்கிறது!

கரையில் ஏகாம்பரம் என் தூண்டிலை மேலும் கீழும் பார்த்தார். அவரிடம் இருந்தது ஒரு மூங்கில் கழி, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த ஒரு தக்கை.

"இன்னாபா இது, ஆன்டெனாவா?"

"ரீல் வெச்ச தூண்டில்."

"பெரிய சுறா புடிக்கப்போறாரு தொர. நம்ம ஊரு கெளுத்தி இதப் பாத்துச்சுன்னா சிரிச்சே செத்துடும். உனுக்கு வேல மிச்சம்."

பரோட்டா மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கின மாவை உருட்டி முள்ளில் செருகிப் போட்டார். உட்கார்ந்தோம். இன்னும் உட்கார்ந்தோம். தக்கை தியானத்தில் இருந்தது. அக்கரையில் நாலைந்து பேர். எல்லாரும் எங்களைப் போலவே தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் எதுவும் மாட்டவில்லை. எனக்கு மட்டும் ஒரு பிரியாணி கவர் மாட்டியது.

"ஏன்பா, மீனே இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"மீனுக்கும் ஷிஃப்ட்டு இருக்குதுபா. வெயிலு காலத்துல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு. மார்கழி வந்தா ஜெனரல் ஷிஃப்ட்டு. தண்ணி சில்லுனு கெடந்தா அடியில போயி படுத்துக்கும். வெயிலு ஏறி சூடு பட்டாத்தான் மேல வந்து பஞ்ச் பண்ணும்."

எனக்கு அப்படியே புல்லரித்துவிட்டது. மனிதர்கள் வாயில் இப்படி வந்து விழுகிற வாக்கியங்களுக்காகத்தானே நான் ஊர் சுற்றுகிறேன்! ஆனாலும் ஒரு சந்தேகம்.

"அப்ப நாம ஏன்பா இருட்டோட வந்து குந்திக்கினுகீறோம்?"

"எடம் புடிக்க வேணாமா?"

இந்தக் கரை மொத்தமும் காலி. எடம் பிடித்தாராம்! எல்லாம் தெரிந்தவர்தான், ஆனால் பையில் ஒரு மீன்கூட இல்லை. எங்கள் ஊரில் விஷயம் தெரிவதற்கும் மீன் கிடைப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வெயில் கொஞ்சம் ஏறினபோது பைக் சத்தம் கேட்டது. தினேஷ் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தண்ணீரைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே என் துரோகம் அவருக்குப் புரிந்துவிட்டது.

மாப்பிள்ளை எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். நடுவில் நான். அதற்குப் பிறகு நடந்தது உரையாடல் என்றால் உரையாடல்தான்... என் வழியாக!

"சார், அவர அந்த ஓரத்துல இருந்து கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்க. பாசி இருக்கு, வழுக்கும்" என்றார் சேஃப்டி ஆபீசர்.

"தள்ளி உக்காரச் சொல்றாரு" என்றேன் நான்.

"அவரு நெழலு தண்ணியில வுழுது, மொதல்ல அத எடுக்கச் சொல்லு" என்றார் ஏகாம்பரம்.

"நெழல எடுக்கச் சொல்றாரு."

"நெழல எப்படி சார் எடுக்கறது?"

"ஆபீசரு படிச்சவருதான? அவருக்குத் தெரியாதா?"

மூன்று பேரும் முழங்கை இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் நேராகவே விழுகிறது. இருந்தாலும் நான் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தாக வேண்டும்! நம் வீடுகளில் பாதிக் குடும்பம் இப்படித்தானே ஓடுகிறது? 'உங்கப்பாவச் சாப்புட வரச் சொல்லு', 'உங்கம்மாகிட்ட பசியில்லன்னு சொல்லு'... அப்பா ஹாலில், அம்மா அடுப்படியில், நடுவில் நாலு எட்டுத்தான். எங்கள் ஆண்களுக்கு ரோஷம் என்பது தொண்டையில்தான் குடியிருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரம் எழுந்தார். "இத புடிச்சிக்கபா, ஒதுங்கிட்டு வர்றேன்" என்று கழியை என்னிடம் நீட்டிவிட்டு முள்வேலிப் பக்கம் போனார். என் கையிலோ ரீல் சிக்கிக்கொண்டு நரம்பு நூடுல்ஸ் மாதிரி கிடந்தது. கழியைத் தினேஷிடம் கொடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தக்கை லேசாக ஆடியது. சாய்ந்தது. சட்டென்று தண்ணீருக்குள் போய்விட்டது!

கழி வில்லாக வளைந்தது. தினேஷ் பதறி எழுந்து, கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி இழுத்தார். தண்ணீரைப் பிளந்துகொண்டு ஒரு பெரிய கெண்டை மேலே வந்து புரண்டது. பொய்யில்லை... முழங்கை நீளம். அக்கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

வேலிப் பக்கத்திலிருந்து லுங்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஏகாம்பரம் ஓடி வந்தார்.

"டேய்! இழுக்காதடா! லூஸு உட்றா! அது போற பக்கம் போடா, நரம்பு அறுந்துடும்டா மடையா!"

பட்!

அறுந்துவிட்டது. மீன் ஒரு தடவை வாலை அடித்துவிட்டுப் போய்விட்டது. மயிலிறகுத் தக்கையும் அதோடு போயிற்று.

எனக்கு மீன் போனது பெரிதாகத் தெரியவில்லை. மாப்பிள்ளையை 'டா' போட்டாயிற்றே! அதோடு 'மடையா' வேறு. அதுவும் நாலு பேர் பார்க்க. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குத் தண்ணீர் சொம்பை இடது கையால் கொடுத்தாலே ஒரு வருஷம் போக்குவரத்து இருக்காது. கட்டில், கொசுவலை எல்லாம் என் கண்முன்னால் வந்து போயின. குழந்தை ஊத்துக்கோட்டையில்தான் பிறக்கப்போகிறது என்று முடிவே கட்டிவிட்டேன்.

தினேஷ் முகம் சிவந்தது. கழியைக் கீழே போட்டார்.

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா மாமா? கல்யாணத்துல இருந்து வாயே தொறக்காம இருந்துட்டு, இப்ப வந்து கத்துனா எனக்கு எப்படித் தெரியும்?"

"இன்னாத்த தொறக்கச் சொல்ற? பேனர்ல நாயி போட்டோ போட்டியே, அத்தக் கூப்ட்டு கேளு!"

"உங்க போட்டோ கேட்டேன் மாமா நானு! உங்க ஊட்ல இருந்து ஆதார் கார்டு ஜெராக்ஸ்தான் அனுப்புனாங்க. அதப் பெருசு பண்ணாப் போலீஸ் தேடுற ஆளு மாதிரி வந்துச்சு. கல்யாண வாசல்ல அத வெக்கச் சொல்றீங்களா? மரியாதைக்காகத்தான் பசங்க எடுத்துட்டாங்க."

ஏகாம்பரம் லுங்கியை இறுக்கிக் கட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, "அதுல நல்லாத்தான இருப்பேன்?" என்று கேட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். ஆதார் போட்டோவில் நன்றாக இருக்கிறவர் யார்?

"அத அப்பவே சொல்றதுக்கு இன்னாவாம்?"

"நீங்கதான் மூஞ்சத் திருப்பிக்கினு போனீங்களே!"

"பொண்ணக் குடுத்தவன் அப்படித்தான்டா போவான். நீதான் பின்னாலயே வரணும்!"

அக்கரையிலிருந்து ஒருவர் கத்தினார்: "யோவ், மீன் புடிக்க வந்தீங்களா, சண்ட புடிக்க வந்தீங்களா? இருந்த மீனு எல்லாம் ஆந்திராவுக்கே ஓடிப்போச்சுய்யா!"

இருவரும் ஒரே குரலில் திரும்பி, "உன் வேலயப் பாருய்யா!" என்றார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை நடுவில் யாருமே தேடவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேலை போய்விட்டது!

ஆனால் பவித்ராவின் நிபந்தனை அப்படியே இருக்கிறதே? சண்டை போட்டால் போதாது, கூப்பிட வேண்டும். கோபம் தணிந்ததும் ஏகாம்பரத்துக்குப் பழைய ரோஷம் திரும்பி வந்தது. அறுந்த நரம்பைச் சுற்றிக்கொண்டே என்னிடம் முணுமுணுத்தார். "அவர... மதியம் ஊட்டுக்கு வரச் சொல்லுபா."

"எனக்குக் காது கேக்கல" என்றேன்.

"வரச் சொல்லுபான்றேன்."

"குல்லா போட்டிருக்கேன்ல... ஒண்ணும் கேக்கல ஏகாம்பரம்."

என்னை முறைத்தார். கழியைத் தோளில் சாய்த்தார். கால்வாயைப் பார்த்துக்கொண்டு, ஏதோ மீனைக் கூப்பிடுகிற மாதிரி, சத்தமாகவே சொன்னார்:

"ஊட்ல இன்னிக்கி கறிக்கொழம்பு. அந்தக் கட்டிலு வேற ஆடிக்கினு கீது, புள்ளத்தாச்சி படுக்கற எடம். ஆபீசரு வந்து சேஃப்டி பாத்துட்டு, துன்னுட்டுப் போனா நல்லாருக்கும், மாப்ள."

தினேஷ் பைக்கை ஸ்டார்ட் செய்து, இருந்த ஒரே ஹெல்மெட்டை மாமனாரிடம் நீட்டினார்.

"போட்டாத்தான் வண்டி எடுப்பேன்."

அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். என்னையும் என் ஆன்டெனாவையும் கரையிலேயே விட்டுவிட்டு இருவரும் கிளம்பிப் போனார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து வீடு சேர்வதற்குள் பவித்ரா போனில் சிரிப்பும் அழுகையுமாகச் சொல்லிவிட்டாள் — வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீட்டுக்கு வருகிறாளாம்.

கெண்டை தப்பித்ததில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. மாட்டியிருந்தால், அதைப் பிடித்தது யார் என்று ஆரம்பித்து, ரெண்டாவது குழந்தையின் காதுகுத்து வரைக்கும் பேசாமல் இருந்திருப்பார்கள்!