சாமியாரிடம் கொடுத்த விண்ணப்பம்

தெருவுக்கே அவள் சென்டர் அக்கா. பதினோரு வருடமாக அதே பிரவுசிங் சென்டரில், பஞ்சு பிதுங்கிய அதே நாற்காலியில் உட்கார்ந்து ஊரார் விண்ணப்பங்களை நிரப்பித் தருகிறாள். மூன்று கம்ப்யூட்டர்களில் இரண்டு மண்டையைப் போட்டுவிட்டன. மிச்சமிருக்கும் ஒன்றில் மூன்று பிரவுசர்கள். கம்பெனிக்காரன் வைத்த பெயர் அவளுக்கு எதற்கு? கூடவே குப்பை கொட்டியவள், அவளே பெயர் வைத்துவிட்டாள்.

முதலாமவர் மாப்பிள்ளை. எந்தப் பக்கத்தையும் பளிச்சென்று திறப்பார், ஆனால் தீனி அதிகம். நாலு பக்கம் சேர்ந்தாற்போல் திறந்தால் மெஷினே மூச்சு வாங்கும். அடுத்தவர் கிழவர். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். இருந்தாலும் சில பழைய அரசாங்கத் தளங்கள் அவருக்கு மட்டும்தான் மசியும். மூன்றாமவர் சாமியார். வேகம் உண்டு, தீனியும் குறைவு, எதிலும் பற்று மட்டும் கிடையாது. திரையில் ஜன்னலை மூடிய மறுகணம் பாஸ்வேர்டு, பார்த்த பக்கம், பாதி எழுதியது எல்லாவற்றையும் துறந்துவிடுவார்.

ஒரு முறை ஒரு பெண் எழுதிய விவாகரத்து மனுவை, அடுத்து வந்து உட்கார்ந்த அவளுடைய கொழுந்தனே படித்துவிட்டான். அன்றிலிருந்து வாடிக்கையாளர் எல்லோருக்கும் சாமியார்தான். ஆள் மாறினால் ஜன்னலை மூடு என்பது சென்டர் அக்காவின் சட்டம்.

இன்று அவளுக்கே ஒரு விண்ணப்பம் இருந்தது. அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது. இன்று மாலை ஐந்து மணியோடு கடைசி. இதை விட்டால் காலம் முழுக்க இந்த நாற்காலிதான். ஒரு வாரமாக உட்கார நேரமில்லை, ஊரே இதே வேலைக்கு வரிசையில் நின்றது. காலையில் அவளுடைய அக்கா போனில் திட்டினாள். “முதல்ல உன்னுதைப் போடு. ஊருக்கு உழைச்சு என்னத்தைக் கண்ட?”

மூன்றேகாலுக்குக் கூட்டம் வடிந்ததும் உட்கார்ந்தாள். கடைசி நாள் நெரிசலில் தளம் நகர மாட்டேன் என்றது. கண் எரிந்தது, முதுகு விண்விண்ணென்று தெறித்தது. எட்டில் ஏழு பக்கங்களை முடித்தபோது, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள். அதே வேலை, அதே கடைசி நாள். மணி நாலு பத்து.

போ என்று சொல்ல வாய் வரவில்லை. தன்னுடையதில் ‘சேமி’யை அழுத்தினாள், பச்சை எழுத்தில் சேமித்தாயிற்று என்று வந்தது. ஒரு பக்கம்தானே பாக்கி, இவளுடையதை முடித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஆள் மாறியது, கை தானாக ஜன்னலை மூடியது.

வந்தவளின் விண்ணப்பம் நாலு ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிரிண்டர் முனகிக்கொண்டிருந்தபோது சென்டர் அக்கா தன்னுடையதைத் திறந்தாள். முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. அந்தத் தளம் சேமிப்பது பிரவுசருக்குள்ளேதான். மாப்பிள்ளையிலோ கிழவரிலோ எழுதியிருந்தால் அப்படியே இருந்திருக்கும். பழக்க தோஷம், சாமியாரைத் திறந்திருக்கிறாள். இதை நூறு பேருக்காவது எச்சரித்த வாய் அவளுடையது. அழுகைகூட வரவில்லை, அத்தனை அசதி. விரல்கள் மட்டும் ஓடின. மூன்றாம் பக்கத்தில் கால அவகாசம் முடிந்தது என்று சிவப்பில் வந்தது.

குழந்தைக்காரி பிரிண்டை வாங்கிக்கொண்டு தயங்கினாள்.

“அக்கா, என் விவரம் ஏதாச்சும் இதுல தங்கிடுமா? பின்னால வர்றவங்க பாத்துட்டா?”

“எதுவும் தங்காதும்மா. என்னுதே தங்கல.”

அவளுக்குப் புரியவில்லை. தலையாட்டிவிட்டு, தேர்வுக்கான ஹால் டிக்கெட் எப்போது வரும் என்று கேட்டாள்.

“ஒரு மாசம் ஆகும். இங்கயே வா, எடுத்துத் தரேன். நான் இங்கதான் இருப்பேன்.”