துண்டு கட்டிய உருவம்

சுகிர்தம் பம்பாயில் என்ன படிக்கிறாள் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அவள் அப்பா ஏசுவடியான் வாத்தியார் களைத்துப்போனார். கிராஃபிக் டிசைன், முதுகலைப் படிப்பு என்பார். 1979-ல் தென்காசியில் அது யாருக்குப் புரியும்? "படம் வரையவா பம்பாய் வரைக்கும் போயிருக்கா?" என்று திரும்பக் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே பெஞ்சில் இருந்த எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொறாமையும் இருந்தது, மறைப்பானேன். அவள் பம்பாயில், நான் இங்கே பிள்ளைகளுக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஜூலையில் கடைசி வருட ப்ராஜெக்டோடு வந்து இறங்கினாள். எழுத்தே இல்லாமல், படத்தைப் பார்த்தே மக்கள் வழி தெரிந்துகொள்ளும் பலகைகள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் மலையாளம் மட்டும் தெரிந்தவர்களும் வந்து குவிகிற குற்றாலத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். சீசன் முடிவதற்குள் சோதித்துப் பார்த்து ஆகஸ்டில் அறிக்கை கொடுக்க வேண்டும். தவறினால் அடுத்த சாரல் வரை ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த வருடத்தை வாத்தியார் தரமாட்டார். இரண்டே வருடம், அப்புறம் கல்யாணம் என்று எழுதி வாங்காத குறைதான்.

பேரருவிப் பாதை ஆண்களுக்கும் பெண்களுக்குமாகப் பிரிகிற இடத்தில், அனுமதி வாங்கி, பழைய எழுத்துப் பலகைகளைச் சாக்கால் மூடிவிட்டு அவளுடைய தகரப் பலகைகளை மாட்டினோம். நீலத்தில் வெள்ளை உருவங்கள். ஒன்றுக்குக் கால்கள் தனித்தனியாக, அது ஆண். மற்றதற்கு இடுப்பிலிருந்து முட்டி வரை விரிந்த பாவாடை, அது பெண். எல்லா ஏர்போர்ட்டிலும் இப்படித்தான் என்றாள். நான் ஏர்போர்ட்டைக் கண்டேனா? தலையாட்டிவிட்டு, யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று குறிக்க நோட்டோடு உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில், உடம்பெல்லாம் எண்ணெயும் இடுப்பில் ஒற்றைத் துண்டுமாக ஒருவர் வந்தார். ராயகிரி விவசாயி, பெயர் பேச்சிமுத்து என்று பிறகு தெரிந்தது. இரண்டு பலகைகளையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். தடுப்புச் சுவரைத் தாண்டியதும் ஒரே கூச்சல்.

"பொம்பளையாளுக குளிக்கிற இடத்துல உமக்கு என்னவே சோலி?"

யாரோ அவர் கழுத்தில் கைவைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பேர் முன்னால் துண்டை இறுக்கிப் பிடித்தபடி அவர் தலைகுனிந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. சுகிர்தம் ஓடினாள்.

"அண்ணாச்சி, தப்பு உங்க மேல இல்ல. அந்தப் பலகைய வச்சது நான்தான். எதப் பாத்து அங்கன போனீக?"

அவர் பாவாடை உருவத்தைக் காட்டினார். "துண்டு கெட்டிட்டு நிக்கவன் ஆம்பளதானம்மா? நானும் அப்படித்தான நிக்கேன். இன்னொண்ணுல கால்சட்ட போட்டவன் நிக்கான். அது ஆபீசருமாரு குளிக்கிற எடம்னு நெனச்சேன்."

சுகிர்தம் பலகையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அருவிக்குப் போன ஆண்களில் ஒருவர் காலிலும் கால்சட்டை இல்லை. பெண்களில் ஒருத்தியும் முட்டி வரை கவுன் போட்டிருக்கவில்லை. வருடா வருடம் இங்கே குளித்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. பலகைகளை அப்போதே கழற்றினாள்.

பஸ்ஸில் நான் புத்தி சொன்னேன். "ஏட்டி, இத எழுதாத. பலகைய நாலு போட்டோ எடு. எல்லாரும் சரியாப் போனாகன்னு நான் டைப் அடிச்சுத் தாரேன். பம்பாய்க்காரனுக்குக் குத்தாலத்துத் துண்டு எங்க தெரியப்போவுது?"

"மங்களம், அந்த மனுசன் கழுத்தப் பிடிச்சுத் தள்ளுனது எனக்குத் தெரியும்லா?" என்றாள்.

அவளுக்குப் பட்டம் போய்விடக்கூடாதே என்றுதான் சொன்னேன். ஆனாலும் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு ராயகிரிக்குப் போனாள். பேச்சிமுத்து வீட்டு வாசலில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு, குளிக்கப் போகிற மாதிரி நிற்க முடியுமா என்றாள்.

"நல்ல வேட்டி கெட்டிக்கிடுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி, துண்டே இருக்கட்டும்."

அவர் மனைவி ஆவுடையம்மாள் சிரித்த சிரிப்பில் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது. கடைசியில் அவளும் கொண்டை முடிந்து, முந்தானையை இடுப்பில் செருகி வந்து நின்றாள். இரண்டு பேரையும் பார்த்துப் பார்த்து வரைந்த உருவங்கள்தான் புதிய பலகைகளில் ஏறின. அந்த வாரம் மூன்று பேர் மட்டுமே பாதை மாறிப் போனார்கள். அவர்கள் பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

முதல் பலகை தோற்ற கதையையும், பேச்சிமுத்து சொன்னதையும், தப்பு தன்னுடையது என்பதையும் அவள் எழுதிக் கொடுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே டைப் அடித்தேன். தேர்வாளர்கள் அந்தப் பக்கங்களைப் பற்றியே அதிகம் கேட்டார்களாம். பட்டம் கிடைத்தது. பம்பாயிலேயே வேலையும் கிடைத்து அங்கேயே தங்கிவிட்டாள். அந்தப் பலகைகளும் இப்போது இல்லை. சாரல் விழும்போதெல்லாம் நோட்டும் கையுமாக நனைந்த அந்த ஜூலைக்கு மனசு ஏங்குகிறது.

பலகைகள் இருந்தபோது, அடுத்த வருடச் சீசனில் பேச்சிமுத்துவை ஒரு தடவை பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவில் ஆவுடையம்மாள் எந்தப் பக்கம் போவது என்று திகைத்து நின்றாள். அவர் பலகைகளைக் கை நீட்டிக் காட்டினார்.

"அங்கன நிக்கது நீ. இங்கன நிக்கது நான். போ, குளிச்சிட்டு வா."

யாரையும் கேட்காமல், தலைநிமிர்ந்து தன் பக்கம் நடந்தார்.