சிரிக்கிறது ஆர்?

முகம் பாத்துச் சொல்லுறதுதான் என்ர தொழில் எண்டால் சாத்திரம் எண்டு நினைப்பீங்கள், ஆனால் கடைப் பலகையிலை 'ஃபோன் திருத்தம், ரீலோட், கோல் வசதி' எண்டுதான் எழுதிக்கிடந்தது. திருகோணமலைத் துறைமுகத்தடியிலை, ஐஸ் கொம்பனிக்குப் போற ஒழுங்கை முகப்பிலை நிசார் நானாவின்ர கடை. அவர் முதலாளி, நான் வேலைக்கு நிண்ட பிள்ளை. சண்டை திரும்பத் துவங்கின காலம். ஃபோனிலை தமிழ் எழுத்து இல்லை. இங்கிலீசு எழுத்திலை தமிழ் அடிக்கப் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிஞ்சவைக்கும் பயம், ஏனெண்டால் ஆமி, நேவியின்ர சோதனைச் சென்றியிலை மறிச்சால் முதல் வாங்கிப் பாக்கிறது ஃபோனைத்தான். அதாலை சனம் ரெண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு அடைப்புக்குறி, அதோடை விட்டிடும். அது கிடைச்ச ஆக்கள் என்னட்டை வந்து கருத்துக் கேட்டு நிப்பினம். வெறும் முகம் ஒண்டை வைச்சுக்கொண்டு, இது நல்லதுக்கோ கெட்டதுக்கோ எண்டு திருப்பித் திருப்பிப் பாத்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்தானே? அப்ப நான் பட்ட பாடு விளங்கும்.

முதல் முகம்

சுகந்தியக்கா மூதூர்ப் பக்கத்துக் கிளிவெட்டிக்காரி. பிள்ளைப்பேறுக்கெண்டு ரவுணுக்கு வந்து எங்கட ஒழுங்கையிலை தன்ர சின்னம்மா வீட்டிலை நிண்டவ. அவ வந்தாப்பிறகு சண்டை மூண்டு மூதூருக்குப் போற லோஞ்சுப் படகும் நிண்டுது, றோட்டும் பூட்டு. வயலையும் மாட்டையும் பாக்க நிண்ட புருசன் யோகன் அந்தப் பக்கம், இவ நிறைமாசத்தோடை இந்தப் பக்கம். அங்கை செல்லடி, சனம் ஊரை விட்டு வெருகல் பக்கம் நடக்குது எண்டு கேள்வி. யோகன் உயிரோடை இருக்கிறாரோ எண்டது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒரு பின்னேரம் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு கடைக்குள்ளை வந்தா. "பிள்ளை, ஃபோன் பழுதாப் போச்சு. தெரியாத நம்பரிலையிருந்து என்னவோ புள்ளியும் கோடும் வந்து கிடக்கு" எண்டா. வாங்கிப் பாத்தன். :-) அவ்வளவுதான். அந்த நம்பருக்கு எடுத்தால் தொடர்பில்லை எண்டு ஒரு பொம்பிளைக் குரல் சொல்லுது. "யோகண்ணையின்ர ஃபோனிலை சார்ஜ் முடிஞ்சிருக்கும். ஆரிட்டையோ வாங்கி அனுப்பியிருக்கிறார். தலையை இடப்பக்கம் சரிச்சுப் பாருங்கோ அக்கா, சிரிக்கிறார்" எண்டு சொல்லி, அந்த நம்பருக்கு யோகன் எண்டு பேரும் போட்டுக் குடுத்தன்.

அவ தலையைச் சரிச்சா. ஃபோனுக்குக் காசு ரீலோட் போட நிண்ட சனமும் சரிச்சுது. ஃபோனைக் கண்ணாலையும் காணாத நிசார் நானாவும் கல்லாவிலை இருந்தபடி சரிச்சார். கடை முழுக்கச் சந்தோசம். அவவின்ர முகம் மட்டும் வெளிறிப்போச்சு.

"நல்லா இருக்கிற மனிசன் ஏன் பிள்ளை படுத்துக்கொண்டு சிரிக்கிறார்?"

ஒற்றைக் கண்

அதுக்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஒரு சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அக்காவோடை கிளினிக்குக்குத் துணையாப் போகேக்கை ஒருநாள் சென்றியிலை மறிச்சினம். நேவிப் பெடியன் ஒருத்தன், மீசை கூட ஒழுங்கா அரும்பேல்லை. அக்காவின்ர ஃபோனை வாங்கித் தட்டிப் பாத்தான். ஒரே நம்பர், ஒரே நேரம், ஒரே அடைப்புக்குறி. "மே மொகத?" எண்டு கேட்டான். இது என்ன எண்டு கேக்கிறான். ஏதோ ரகசியக் குறி எண்டு நினைச்சிட்டான் எண்டு எனக்கு விளங்கீட்டுது. எனக்குத் தெரிஞ்ச சிங்களத்திலை "ஹினா, ஹினா", சிரிப்பு எண்டு சொல்லித் தலையைச் சரிச்சுப் பல்லையும் காட்டினன். பயத்திலை காட்டுற பல்லைப் பாத்தால் ஆர் அதைச் சிரிப்பு எண்டு நம்புவினம்? எங்களை ஓரமா நிக்கச் சொன்னான். அக்கா என்ர கையை நசிச்ச நசியிலை விரலெல்லாம் விறைச்சுப்போச்சு.

பெரியவனைக் கூப்பிடப் போறான், எங்கட பாடு முடிஞ்சுது எண்டு நினைச்சன். அவன் அக்கம்பக்கம் பாத்திட்டுப் பொக்கற்றுக்குள்ளையிருந்து தன்ர ஃபோனை எடுத்து நீட்டினான். அதிலை ;-) எண்டு கிடக்கு. ஊரிலை விரும்பியிருக்கிற பெட்டை அனுப்பினதாம், ஒரு கண்ணை மூடிக்கொண்டு என்ன சொல்லுறாள் எண்டு விளங்காமல் சோறு இறங்கேல்லையாம். நான் பிழையாச் சொல்லி, அவன் போய் அவளிட்டைப் பேச்சு வாங்கினால் ஆரிலை அந்தக் கோவத்தைக் காட்டுவான்? கும்பிட்டுக்கொண்டு "ஆதரே" எண்டன், அன்பாம் எண்டு. அவன்ர காது சிவந்துபோச்சு. ஃபோனைத் திருப்பித் தந்து போகச் சொன்னான். நாங்கள் நாலடி வைக்க முதல் பின்னாலை கூப்பிட்டான். தனக்குத் தெரிஞ்ச அரைகுறைத் தமிழிலை, என்னைத் தங்கச்சி எண்டு கூப்பிட்டு ஒரு கேள்வி.

"நங்கி, கோவம் இல்ல, ஷுவர்த?"

நானாவின்ர சிரிப்பு

இதையெல்லாம் பாத்து நிசார் நானாவுக்கும் ஆசை வந்திட்டுது. கடைச் சாமான் ஏத்திவந்த லொறி கந்தளாயிலை மறிபட்டு நிக்குது எண்டு றைவர் அழுகிற முகம் ஒண்டு அனுப்ப, தானே பதில் போடுறன் எண்டு ஃபோனை என்னட்டையிருந்து பறிச்சார். அழுகிற முகம் போட வெளிக்கிட்ட மனிசன் மற்ற அடைப்புக்குறியை அமத்திப்போட்டார். கொஞ்ச நேரத்திலை றைவர் காசைப் பாக்காமல் கோலே எடுத்திட்டான்.

"வெயிலுக்கை காலமை துவங்கி லொறியோடை காயுறன், உங்களுக்கு அங்கை சிரிப்பு வருகுதோ முதலாளி?"

ரெண்டு பேருக்கு ஒரு முகம்

ஐஸ் கொம்பனியிலை வேலை செய்யிற கணேசண்ணையின்ர தம்பியும் அந்தப் பக்கம் மாட்டுப்பட்டவர். "தம்பியும் ஆரின்ரையோ ஃபோனிலையிருந்து சிரிச்சுக் காட்டுறான் பிள்ளை, நம்பருக்குப் பேரைப் போட்டுத் தா" எண்டு ஒருநாள் வந்தார். நம்பரைப் பாத்தன். பாத்த கண்ணை எடுக்க ஏலாமல் போச்சு. நான் யோகன் எண்டு பேர் போட்டுக் குடுத்த அதே நம்பர். பக்கத்துக் கதிரையிலை சுகந்தியக்கா. என்ர முகத்தைப் பாத்தே அவ எழும்பீட்டா. மறைக்கேலாமல் சொன்னன்.

விசயம் இதுதான், அந்தப் பக்கம் சொந்தங்கள் உள்ள மற்றச் சனத்திட்டையும் விசாரிச்சுத் தெரிஞ்சது. அங்கை மரங்களுக்குக் கீழை கிடக்கிற சனம் முழுக்கவும் ஒரேயொரு ஃபோன். ட்ராக்டர் பற்றரியிலை சார்ஜ் ஏத்தி, மரத்திலை ஏறிச் சிக்னல் பிடிச்சு, ஆரோ ஒரு புண்ணியவான் எல்லா வீட்டுக்கும் ஒரே சிரிப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறான். நல்ல மனசுதான், இல்லையெண்டேல்லை. ஆனால் உயிரோடை இருக்கிறவைக்கும் அந்தச் சிரிப்பு, இல்லாதவைக்கும் அந்தச் சிரிப்பு எண்டால் நான் எதைப் பாத்துக் கருத்துச் சொல்லுறது? இங்கிலீசு எழுத்திலை 'யோகன் இருக்கிறாரா' எண்டு அடிச்சு அனுப்பினன். பதிலுக்கு வந்ததும் :-) தான். அக்கா அதை வடிவாப் பாத்தா. அழேல்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைஞ்சிருக்கும்.

"ஆள் செத்திருந்தாலும் வயித்துப் பிள்ளைக்காரிக்கு இதைத்தானே பிள்ளை அனுப்புவினம்?"

கோவம்

பெரியாஸ்பத்திரியிலை பொம்பிளைப் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் எண்டு அந்த நம்பருக்கு அடிச்சம். திரும்பவும் சிரிப்பு வந்தது. நானா கைதட்டினார். அக்கா ஃபோனைப் பாக்கக்கூட இல்லை.

பிள்ளை பிறந்த துடக்கு வீடு, வெளிக்கிடக்கூடாது எண்டு சின்னம்மா மறிக்க மறிக்க, ஒருநாள் பிள்ளையைத் துவாயாலை சுத்தித் தூக்கிக்கொண்டு நேரே கடைக்கு வந்தா. "இன்னொண்டு அடி பிள்ளை. என்ர அண்ணன் பிள்ளைக்குப் பேர் வைச்சிட்டார் எண்டு அடி" எண்டா. நான் முழிச்சன். பிறகுதான் கதையைச் சொன்னா. கலியாணப் பந்தியிலை யோகனுக்கும் அவவின்ர அண்ணனுக்கும் வாய்த்தர்க்கம். அண்டையிலையிருந்து ரெண்டுபேரும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. அண்ணன் வந்த பாதையாலை யோகன் மாட்டைக்கூடக் கொண்டுபோகமாட்டாராம். "ஃபோன்காரன் தன்ர பாட்டிலை அனுப்பினால் இதுக்கும் சிரிப்புத்தான் போடுவான். எங்கட ஆள் இருந்து இதைக் கேட்டால் சும்மா விடாது."

"உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு ஓடின இடத்திலை, இதுக்குப் போய்க் கோவம் வருமோ அக்கா?" எண்டு கேட்டன். "அவருக்கு வரும்" எண்டா. அடிச்சு அனுப்பினன். அண்டைக்குப் பதில் இல்லை. அடுத்த நாளும் சிக்னல் இல்லை. அக்கா பிள்ளையோடை கதிரையிலை வந்து இருந்தா. வேலை முடிஞ்ச கையோடை கணேசண்ணையும் வந்து வாசலிலை நிண்டார். நானா வாங்கிக் குடுத்த தேத்தண்ணி தொடாமலே ஆறிப்போச்சு. அவர் தொழுகைக்குப் போனவர், வழமையிலும் பாக்கப் பிந்தித்தான் வந்தார். சிரிப்பு மட்டும் வந்திடக்கூடாது எண்டு நான் தெரிஞ்ச தெய்வத்தையெல்லாம் மன்றாடினன்.

பொழுதுபடேக்கை அக்காவின்ர ஃபோன் கீச்சிட்டுது. நான்தான் எடுத்துப் பாத்தன். :-( எண்டு கிடந்தது. அதை வாயாலை சொல்ல முதல் இன்னொண்டு வந்தது, அதுவும் :-( தான். பிறகு இன்னொண்டு. எட்டிப்பாத்த கணேசண்ணை ஒண்டும் தெரியாமல் "ஐயோ கடவுளே" எண்டு தலையிலை கைவைச்சார். அக்கா ஃபோனைப் பறிச்சா. தலையைச் சரிச்சுப் பாத்தா. பிறகு அழுகையும் சிரிப்புமா ஒரு கத்துக் கத்தினா பாருங்கோ, நித்திரையிலை கிடந்த பிள்ளையும் எழும்பிக் குழறத் துவங்கீட்டுது.

"கோவம் வந்திட்டுது பிள்ளை, என்ர மனிசன் இருக்கிறார்! திருப்பித் திருப்பிப் பேசுறார் பார், இது அந்தாளேதான்!"

ஒரு மனிசனுக்குக் கோவம் வந்த சந்தோசத்துக்கு ரொபி மிட்டாய்ப் போத்தலைக் கவிட்டுக் கடை முழுக்கப் பங்கு வைச்ச தொழில், எனக்குத் தெரிய இந்தத் துறைமுகத்தடியிலை எங்கட ஒண்டுதான்.