பினாங்கு கேரியரின் விலை

அந்த அடுக்குக் கேரியரை என்ன விலைக்கு வாங்கினேன் என்று இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை. வாங்கிய கதையை மட்டும் சொல்கிறேன்.

என் கணவர் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். ஐம்பதுகளில் ஒரு முறை நானும் கப்பலேறிப் போய் ஆறு மாதம் அவருடன் இருந்தேன். நாங்கள் திரும்பி வந்ததும் என் நாத்தனாருக்குக் கல்யாணம் என்று நான் கிளம்புமுன்பே முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருமயம் பக்கம். பர்மா சாமானும் மலேயா சாமானும் பார்த்துப் பார்த்துக் கண் பழகியவர்கள். சீரில் மற்றது எப்படி இருந்தாலும், பூப்போட்ட பினாங்கு எனாமல் கேரியர் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதை வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றே மாமியார் அக்கம்பக்கத்தார் காதுபடச் சொன்னார்: "மாட்டுத் தரகர் மகளுக்கு மூக்கணாங்கயிறு வாங்கத் தெரியும். பினாங்குச் சாமான் வாங்கத் தெரியுமா?"

என் அப்பா கறம்பக்குடிச் சந்தையில் மாட்டுத் தரகர். அந்த வீட்டில் அவருக்கு மரியாதை அவ்வளவுதான். என்னைப் பார்க்க வந்தால் ஒரு செம்பு மோர் கிடைக்கும், உட்காரப் பாய் கிடைக்காது. அப்பா தொழுவத்துப் பக்கம் நின்றே மோரைக் குடித்துவிட்டு, "வாரேன் தாயி" என்று போய்விடுவார். என்னைச் சொல்லட்டும், பொறுத்துக்கொள்வேன். அவரைச் சொன்னதை என்னால் விழுங்க முடியவில்லை. அந்தச் சீரில் ஒரு குறையும் காண முடியாத சாமானை வைக்க வேண்டும் என்று அன்றைக்கே நெஞ்சில் முடிந்துகொண்டேன்.

கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடைத்தெருவுக்குப் போனோம். என் கணவர் பதினைந்து வெள்ளியை என் கையில் கொடுத்தார். மலேயாப் பணத்தை அங்கே எல்லோரும் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

"இதுக்கு மேல நம்மகிட்ட இல்லை. இது நம்மூர்ச் சந்தை இல்லை, பேரம் பேசி என் மானத்தை வாங்காத" என்று சொல்லிவிட்டு அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். அவருக்கு மலாய் நன்றாக வரும். எனக்கு ஒரு சொல்லும் வராது.

கடைக்காரர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு சீன அம்மாள். ஊருக்குத் திரும்புகிற பெண்கள் கடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். நாலு அடுக்குக் கேரியர் ஒன்று என் கண்ணில் பட்டது. பச்சை எனாமலில் சிவப்புப் பூ, விளிம்பெல்லாம் தங்க நிறக் கோடு. எவ்வளவு என்று கையால் கேட்டேன். அந்த அம்மாள் பத்து விரலையும் இரண்டு முறை விரித்துக் காட்டினார். இருபது வெள்ளி.

நான் கிளம்பவில்லை. அப்பா காளையின் வாயைத் திறந்து பல் பார்ப்பதுபோல ஒவ்வொரு அடுக்கையும் கழற்றினேன். விளிம்பை நகத்தால் தடவினேன், பிடியை ஆட்டினேன், சுண்டி ஓசை கேட்டேன். மூன்றாவது அடுக்கின் அடியில் எள்ளளவு எனாமல் பெயர்ந்திருந்தது. அதைக் காட்டினேன். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கிவிட்டு, சுற்றி நின்ற பெண்களைக் கண்ணால் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. எனக்குக் குறைத்தால் அத்தனை பேருக்கும் குறைக்க வேண்டும்.

இந்தச் சங்கடத்துக்குத்தானே எங்கள் சந்தையில் துண்டு இருக்கிறது. தரகர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையையும் துண்டால் மூடிக்கொண்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் பிடித்தால் ஐந்து, பாதி விரல் என்றால் அரை. பக்கத்தில் நிற்பவனுக்கு மூச்சுக்கூடத் தெரியாது. சந்தை முடிந்து வந்ததும் அப்பா என்னோடு இப்படி விற்றும் வாங்கியும் விளையாடுவார். கல்யாணத்துக்குமுன் நாங்கள் இருவரும் வீட்டுக்குள்ளேயே ஆயிரம் ஜோடி மாடு விற்றிருப்போம்.

மேசைமேல் மடித்து வைத்திருந்த பூப்போட்ட கைலி ஒன்றை எடுத்து என் கைமேல் போட்டுக்கொண்டு, அந்த அம்மாளின் கையை உள்ளே இழுத்தேன். வாசலில் நின்ற என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனுஷருக்கு உயிர் போய்விட்டது.

அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்தார். நான் விரலைப் பிடித்ததும் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு என் விரலைப் பிடித்தார். பிடியிலேயே தெரிந்தது, பழகிய கை. அவர் ஏற்றினார், நான் இறக்கினேன். நான் கையை விட்டேன், அவர் மறுபடி பிடித்தார். கடைசியில் ஒரு விரலைப் பாதியாகப் பிடித்து அழுத்தினார். முடிந்தது.

விலை முடிந்ததும், பெயர்ந்த அடுக்கைத் தள்ளி வைத்துவிட்டு வேறொரு கேரியரிலிருந்து நல்ல அடுக்காக எடுத்து மாட்டினேன். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அந்தக் கைலியையும் மடித்து மேலடுக்கில் வைத்து, காசு வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டு மலாயில் ஏதோ சொன்னார்.

"இந்தம்மாவோட அப்பாரும் சீனாவுல எருமை வியாபாரியாம். அங்கிட்டு சட்டைக் கைக்குள்ளயே வெரலைப் பிடிச்சு வெலை பேசுவாங்களாம்" என்றார் அவர். அப்புறம் தணிந்த குரலில், "எவ்வளவுக்கு முடிச்ச?" என்றார்.

"துண்டுக்குள்ள பேசுன வெலையை வெளிய சொல்றது வழக்கமில்லைங்க" என்றேன். மீதி வெள்ளியை முந்தானையில் முடிந்துகொண்டேன். தெருவில் ராணி மாதிரி நடந்தேன், உள்ளதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்.

ஊருக்கு வந்ததும் மாமியாரும் கேட்டார். அவருக்கும் அதே பதில்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கைலியை அப்பாவுக்குக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று சீரைப் பந்தலில் பரப்பி வைத்தோம். மாப்பிள்ளையின் அத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். கேரியரை அடுக்கடுக்காகக் கழற்றினார், நகத்தால் தடவினார். ஒன்றும் அகப்படாமல் கீழே வைத்துவிட்டு, "நல்ல சாமான். யாரு எடுத்தது, என்ன வெலை?" என்றார்.

மாமியார் என்னைப் பார்த்தார். பந்தல் ஓரத்தில், தோளில் பினாங்குக் கைலியோடு நின்றிருந்த என் அப்பாவைப் பார்த்தார்.

"எங்க மருமக எடுத்தது. மாட்டுத் தரகர் மக. அது துண்டுக்குள்ள பேசுன வெலைங்க, வெளிய சொல்றது வழக்கமில்லை" என்றார். பிறகு உள்பக்கம் திரும்பி, "சம்பந்தி எம்புட்டு நேரமா நிக்கிறாரு, ஒரு பாயைக் கொண்டாந்து போடுங்க" என்றார்.

வேறு யாரையும் எடுக்க விடவில்லை. நானே பாயைக் கொண்டுபோய், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நடுவில் விரித்தேன்.