புண்ணைச் சுற்றி ஒரு செபக்கூட்டம்

எங்கள் செபக்கூட்டத்துக்கு ஒரு புனிதை தேவைப்பட்டாள். வேறென்ன சொல்ல?

மாதா வணக்க மாதத்தில் வீடு வீடாகச் செபமாலை சொல்லுவோம். அன்று நகரின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஓர் அக்கா வீடு. இரத்தத்தில் சீனி கூடின வருத்தக்காரி, பாதத்தில் புண், கொதிக்கிற காய்ச்சல். சுவரில் இருந்த சிலுவையில் இரத்தம் வடிந்ததைக் கண்டதாகக் கட்டிலில் கிடந்தபடியே சொன்னார். அவ்வளவுதான், கூட்டத்தை நடத்தும் அன்ரி முழந்தாளிட்டுவிட்டார். பல நூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒருத்தி நோயை வரமாகக் கேட்டு வாங்கி, சாகக் கிடந்தபோது ஆண்டவரின் இரத்தம் வழியும் முகத்தைக் கண்டாளாம்.

"இவவுக்கும் அதே வரம்தான்!" என்றார் அன்ரி.

பிறகு நகரின் அடுத்த பக்கத்து மங்கரேயில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நான் மனிதர்களின் பேச்சுக்கு அடிமை. யார் எதைச் சொன்னாலும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கேயோ காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

"அக்கா, மகனுக்கு விசா வருமோ எண்டு ஆண்டவரிட்டைக் கேளுங்கோ."

"எங்கட வீட்டு மோர்கேஜையும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

குளிருக்கு ஜன்னல்களை மூடி ஹீட்டர் போட்டிருந்தார்கள். சாம்பிராணியையும் மீறி நாறியது. கட்டு மாற்றியபோது சீழ் ஊறிய துணியை அன்ரி முத்தமிட்டு, பிள்ளைகளுக்குச் சாண்ட்விச் கட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தார். கட்டிலருகே மாத்திரை ஒன்றையும் காணவில்லை.

"குளிசை எங்கை அன்ரி?"

"நிப்பாட்டியாச்சு. காய்ச்சல் இறங்கினால் காட்சியும் நிண்டிடும், பிள்ளை."

"கால் போயிடும்!"

"விசுவாசமில்லாத கதை கதையாதையும்."

அக்கா கண்ணைத் திறந்தார். "நான் கண்டனான், பொய்யில்லை. அவ்வளவு ரத்தத்தோடை நிண்டும், 'நோகுதோ?' எண்டு அவர் என்னைக் கேட்டவர். உங்களில ஒருத்தரும் கேக்கேல்லை." என் பக்கம் திரும்பினார். "ஆம்புலன்சுக்கு அடி."

அடித்தேன். ஆம்புலன்சில் வந்த பெண் கட்டை அவிழ்த்துப் பார்த்து ஒரு கணம் மூச்சை அடக்கிக்கொண்டாள். அன்ரி வாசலில் நின்று செபத்தை இன்னும் உரக்கச் சொன்னார்.

இரண்டு கால்விரல்களை வெட்டி எடுத்தார்கள், கால் தப்பியது. காய்ச்சல் விட்டதும் காட்சிகள் நின்றன, ஆட்கள் வருவதும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நான் மட்டும் ரசம் கொண்டுபோனேன்.

"அன்ரி வரேல்லையோ அக்கா?"

"நேற்றுப் போன் எடுத்தவ," என்றார் அக்கா, ரசத்தை ஊதியபடி. "வெட்டின விரலை எங்கை வைச்சிருக்கிறாங்கள் எண்டு கேட்டவ."