ஒன்னுமில்லீங்கண்ணா

நான் செய்த இயந்திரத்துக்கு அண்ணன் வைத்த மதிப்பில் பாதியை எனக்கு வைத்திருந்தால், அம்மாவை உயிரோடு பார்த்திருப்பார். இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். வாய் வராத குணம்தான் இந்தக் கதையே.

சரவணம்பட்டியில், ஐ.டி. கம்பெனிகளுக்குப் பின்னால் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நானும் அம்மாவும் இருந்தோம். அம்மா சத்தியமங்கலத்தில் மிஷன் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு படுத்த படுக்கையாகிவிட்டாள். நான் ஆர்.எஸ்.புரத்தில் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளைக் கம்ப்யூட்டரில் வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். அம்மா விழுந்ததும் அதை விட்டேன். கல்யாணமாகாதவள் என்பதால் வேலையை விட்டதை யாரும் ஒரு பெரிய விஷயமாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணன் கனடாவில், தங்கை பெங்களூரில், நான் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில். அப்படித்தான் எங்களுக்குள் பங்கு பிரிந்தது.

தூரத்தில் இருந்தவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அக்கறை வழிந்தது. நான் பல் துலக்குவதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் அண்ணனின் "அப்டேட்?" வந்துவிடும். பிரஷர் எவ்வளவு, சுகர் எவ்வளவு, முதுகுப் புண் ஆறுகிறதா, வயிறு சரியாகப் போனதா. தங்கைக்கு அம்மா சாப்பிடும் தட்டின் படம் வேண்டும். படம் அனுப்பினால், "ஒரு முட்டை சேர்த்துக் குடுக்கலாமில்லக்கா?" என்பாள். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, துணி மாற்றிவிட்டு வந்து போனை எடுத்தால், இன்னும் பதில் இல்லையே என்று ஒரு முகம் சுளித்த பொம்மை காத்திருக்கும். அம்மாவைப் பார்த்துக்கொண்டது எனக்குக் கஷ்டமாக இல்லை. பார்த்துக்கொள்வதற்குக் கணக்கு ஒப்பித்ததுதான் என்னை அரித்தது.

அப்போதுதான் யூடியூபில், கோடிங் தெரியாதவர்களும் சொந்தமாக ஒரு ஏஐ உதவியாளர் செய்துகொள்ளலாம் என்று ஒருவர் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் அச்சகக் காலத்து லேப்டாப் ஒன்று இருந்தது. அம்மா மதியம் கண்ணயரும் நேரத்தில் உட்கார்ந்தேன். ஏஐயை எப்படிச் செய்வது என்று ஓர் ஏஐயிடமே கேட்டேன். அது எழுதிக் கொடுத்த வரிகளை அப்படியே எடுத்து ஒட்டுவேன். சிவப்பு எழுத்தில் பிழை வரும். அந்தப் பிழையை எடுத்து மறுபடி அதனிடமே ஒட்டுவேன். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு வரிகள் தரும். என் வாழ்க்கையில் என்னிடம் இத்தனை மன்னிப்பு வேறு யாரும் கேட்டதில்லை. வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி குறைந்ததைக் கண்டுபிடிக்க ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. வாட்ஸப்பில் கொண்டுபோய்ச் சேர்க்க என்னால் முடியவில்லை, ஏதேதோ அனுமதி கேட்டார்கள். டெலிகிராமில் சுலபமாக அமைந்தது. முதன்முதலாக நான் "வணக்கம்" என்று தட்ட, அது "வணக்கம்" என்று திருப்பிச் சொன்னபோது, அம்மாவை எழுப்பிக் காட்டினேன். எனக்கே என்மேல் அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஏற்பாடு இதுதான். காலையும் மாலையும் அம்மாவின் நிலையை நான் போனில் வாயால் சொல்லிவிடுவேன். அது எழுத்தாகி லேப்டாப்பில் சேரும். அண்ணனோ தங்கையோ எப்போது கேட்டாலும் அதைப் பார்த்து உதவியாளர் பதில் சொல்லும். அவர்கள் கேட்பதும் அது சொல்வதும் என் திரையில் வரிவரியாக ஓடும்.

முதலில் அது, "தங்கள் தாயார் நலமாக உள்ளார். இரத்த அழுத்தம் சீராக உள்ளது" என்றது. அண்ணன் உடனே எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். "என்ன பாப்பா இது, ரேடியோல நியூஸ் கேக்கற மாதிரி இருக்குது. நம்மூட்டு ஆளு பேசற மாதிரி பண்ணு." ஐம்பதைத் தாண்டியும் அண்ணனுக்கு நான் பாப்பாதான். ஒருநாள் சுகர் ஏறியதை அது உள்ளபடி சொல்லிவிட, அதற்கும் ஒரு செய்தி வந்தது. "இப்பிடிச் சொன்னா எனக்கு நாள் பூரா வேலை ஓடாது பாப்பா. கொஞ்சம் பதமாச் சொல்லச் சொல்லு."

சரி என்று, குடும்பக் குழுவில் பல வருடமாக நான் எழுதிய செய்திகளை எல்லாம் மொத்தமாக எடுத்து அதற்குக் கொடுத்து, இதைப்போலவே பேசு, பதமாகச் சொல் என்று கட்டளை எழுதினேன். மறுநாள் அண்ணனுக்கு அது இப்படிப் பதில் சொன்னது: "ஒன்னுமில்லீங்கண்ணா. அம்மா நல்லா இருக்கறாங்க. காலைல இட்லி சாப்ட்டாங்க. நீங்க வேலையப் பாருங்க."

திரையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு என்னவோ செய்தது. அது அச்சு அசல் நான். அம்மா இடுப்பு முறிந்து கிடந்த அன்று நான் குழுவில் எழுதியதும் அதுதான்: "அம்மா லேசா வழுக்கிட்டாங்க. ஒன்னுமில்லீங்கண்ணா." அதை எழுதியபோது நான் ஆம்புலன்சுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பசியோடு ஒரு வீட்டுக்குப் போவோம். சாப்பிடறீங்களா என்று கேட்டால், "இப்பத்தானுங்க சாப்ட்டேன்" என்போம். கேட்டவர் அதோடு விட்டுவிட்டால் அவர் மனிதரே இல்லை. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து இலையைப் போட வேண்டும். அப்போதுதான் சாப்பிடுவோம். ஒன்றுமில்லை என்று சொல்வது எங்கள் மரியாதை, அதை நம்பாமல் மறுபடி கேட்பது கேட்டவரின் மரியாதை. அண்ணனும் இதே வீட்டில் இதே சோற்றைத் தின்று வளர்ந்தவர்தான். என்னிடம் போனில் பேசினால், என் முதல் பதிலோடு விடமாட்டார். "நெசமாச் சொல்லு பாப்பா" என்பார். அதற்குப் பிறகுதான் நான் உண்மையைச் சொல்வேன். இயந்திரத்தை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை. ஒரு தடவை கேட்டார், நல்ல பதில் வந்தது, கட்டைவிரல் பொம்மையைப் போட்டுவிட்டுப் போனார்.

"அக்கா, உன்னையவிட இது நல்லாப் பேசுது. எரிஞ்சு உழுகறதே இல்ல," என்று தங்கை எனக்கு எழுதினாள்.

அதன் பிறகு அண்ணன் போன் செய்வது நின்றுபோனது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீடு திரும்பும் நேரத்தில் கூப்பிடுவார். என்னிடம் விவரம் கேட்டுவிட்டு, "அம்மாகிட்டக் குடு" என்பார். இப்போது விவரம்தான் கையிலேயே இருக்கிறதே. கேள்விகளிலிருந்து தப்பிக்க நான் ஒன்றைச் செய்தேன், அவர்கள் அதை வைத்து அம்மாவிடமிருந்தே தப்பித்துக்கொண்டார்கள். அம்மா ஞாயிறுதோறும் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வாள். "பெரியவன் பேசுனானா?" என்பாள். வேலையாக இருப்பார் என்பேன்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்தினார்கள். பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்தது, உதவியாளரும் வாயடைத்துப் போனது. அரைநாள் பதில் வராததில் பதறிப்போய் அண்ணன் போன் செய்தார். அம்மாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பேசினார்கள். அம்மா அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் கண் விழித்ததும், "ஏங்கண்ணு, இன்னைக்குக் கரண்டு போகுமா?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒருநாள் நானே வேண்டுமென்று லேப்டாப்பை அணைத்துப் பார்த்தேன். அண்ணன் கூப்பிடவில்லை. தங்கைக்கு எழுதியிருக்கிறார், அவள் எனக்கு எழுதினாள்: "அக்கா, அது நின்னுபோச்சாமா. அண்ணன் ரீஸ்டார்ட் பண்ணச் சொல்றாரு."

பிறகு அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மருத்துவமனை வேண்டாம் என்று தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னார்: "வர வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிருங்கம்மா." இதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதை அப்படியே போனில் சொல்லிப் பதிவும் செய்தேன், அண்ணனுக்கும் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரையில் அவருடைய வரி வந்தது. என்னைக் கூப்பிடாமல் அதைக் கேட்டிருந்தார். "பாப்பா கால் பண்ணியிருக்குது. சீரியஸா? நான் கிளம்பி வரணுமா?"

அது பதில் சொன்னது: "அம்மா கொஞ்சம் சோர்வா இருக்கறாங்கண்ணா. டாக்டர் வந்து பாத்துட்டுப் போனாரு. வர முடிஞ்சவங்க வந்தா அம்மாவுக்குச் சந்தோசமா இருக்கும்னாரு. அவசரப்பட்டு அலைய வேண்டாங்கண்ணா. உங்களுக்குச் சௌகரியப்படறப்ப வாங்க."

கட்டைவிரல் பொம்மை.

திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே இருந்தேன், கடைசியில் எடுத்தார். என் பிறவியிலேயே முதல்முறையாகச் சுற்றி வளைக்காமல் பேசினேன். "அண்ணா, அம்மா பொழைக்க மாட்டாங்க. இப்பவே கிளம்பி வாங்க."

சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்தும் குரலில் அண்ணன் சொன்னார்: "நீ பயந்து போயிருக்கற பாப்பா. தனியா இருக்கறயில்ல, அப்பிடித்தான் தோணும். இப்பத்தான் நான் அதுல பாத்தேன். அது தெளிவாத்தான் சொல்லுது. நான் எப்படியும் அடுத்த மாசம் லீவு போட்டிருக்கறேன்."

என்னிடம் கற்றுக்கொண்டதை நம்பினார், என்னை நம்பவில்லை. அவருக்கு எது வசதியோ அதை அது சொன்னது. அதைச் சொல்லவைத்தவரும் அவர்தான், பதமாகச் சொல்லச் சொன்னவர்.

தங்கையும் அதைப் படித்துவிட்டு, அண்ணன் வரும்போது வருவதாக எழுதியிருந்தாள். அம்மாவின் கடைசி நாள் காலையில், "பெரியவன் பேசுனானா?" என்று கேட்டாள். "பேசுனாரும்மா. வந்துட்டு இருக்கறாரு" என்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "நெசமாச் சொல்லு கண்ணு." என்னை இரண்டாம் முறை கேட்க அவள் ஒருத்திதான் மிச்சமிருந்தாள். நான் அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். பிடித்த கையை அவள் விடவும் இல்லை. மதியத்துக்குள் போய்விட்டாள்.

செத்த செய்தி போனதும் அண்ணனுக்கு விமானம் கிடைத்தது. அதற்கு லீவும் கிடைத்தது. அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்து மூத்த மகனுக்காகக் காத்திருந்தோம். உயிரோடு இருந்தபோது வராதவருக்காகப் பிணமாகவும் அவள் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் முதல் பிடி மண்ணை அண்ணன்தான் போட்டார். குலுங்கிக் குலுங்கி அழுதார், அந்த அழுகை பொய்யில்லை. திரும்பும்போது சபை மக்கள் சூழ்ந்துகொண்டு, கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போய்விட்டதே என்று ஆற்றாமைப்பட்டார்கள். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாப்பா ஒரு மெஷின் பண்ணி வெச்சிருந்துச்சுங்க. ஒன்னுமில்லைன்னு அது சொல்லிப்போடுச்சு. பாவம், அதுக்கென்ன தெரியும், புதுசாக் கத்துக்கிட்டது." கடைசியில் சொன்னது இயந்திரத்தையா என்னையா என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். நான் போன் செய்ததை அங்கே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பெரியம்மா என் தோளைத் தொட்டு, "என்ன அம்மணி, மனசுல வெச்சுக்காத" என்றபோது என் வாயிலிருந்து வந்தது, "ஒன்னுமில்லீங்க."

அண்ணன் திரும்பிப் போன பிறகு சில வாரங்கள் லேப்டாப் பக்கமே நான் போகவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. ஒருநாள் அம்மாவின் கட்டிலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. திரையில் அண்ணனின் வரி. அப்போதும் என்னைக் கூப்பிடவில்லை, அதனிடம்தான் கேட்டிருந்தார்.

"பாப்பா எப்படி இருக்குது?"

அது பதில் எழுத ஆரம்பிப்பதற்குள் நிறுத்திவிட்டேன். அது என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதன் பெயரில் நானே தட்டி அனுப்ப ஒரு வழியை ஆரம்பத்திலேயே சோதனைக்காக வைத்திருந்தேன். அதில் என் கையால் எழுதினேன்: "நல்லா இல்லீங்கண்ணா. உங்க மேல ரொம்பக் கோவமா இருக்கறேன். அம்மா கடைசி வரைக்கும் உங்களக் கேட்டாங்க."

அனுப்பிவிட்டுப் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். இதற்காவது கூப்பிடுவார் என்று நினைத்தேன். கூப்பிட்டால் எடுக்க வேண்டும், இந்த முறை முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

போன் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வாட்ஸப்பில் எனக்கு ஒரு செய்தி வந்தது.

"பாப்பா, உன் மெஷின் மறுபடி ஏதோ தப்பாப் பேசுது. என்னன்னு பாத்துச் சரி பண்ணு."