ரோசம்மா அக்காவின் பதிமூன்று ஓட்டை மௌத் ஆர்கன்

மலை மேல் வாத்தியம் ரிப்பேர் பார்க்கிறவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: நம் கடைக்கு வருகிறவர்கள் "சரியாகுமா?" என்று கேட்பதே கிடையாது, "எப்பத் தருவீங்க?" என்றுதான் கேட்பார்கள். கொடைக்கானல் மார்க்கெட் பக்கம் கிடாருக்குக் கம்பி மாற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்த என்னை, அப்படி ஒரு கேள்வி இரண்டு மாதம் ஆட்டி வைத்தது.

கீழே வேணும்

ரோசம்மா அக்கா பூண்டியில் காரட் தரம் பிரிக்கிற வேலை செய்கிறவர். சிலோன் எஸ்டேட்டிலிருந்து திரும்பி வந்த குடும்பம். ஊர் மாதா கோயில் பாட்டுக் குழுவில் மூன்று பெண்கள். அதில் கனத்த குரல் அக்காவுடையது. ஆறு மாதத்துக்கு முன் நடந்த தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் குரல் திரும்பவில்லை. காதருகே வந்து வெறும் காற்றாகப் பேசினார். மகளுக்குக் கல்யாணம். கோயிலில் அம்மா பாட்டு இருக்க வேண்டும் என்று மகள் பிடிவாதம். அக்காவுக்கு மௌத் ஆர்கன் வாசிக்க வரும், டாக்டரிடமும் கேட்டுவிட்டார். ஆனால் அவரிடம் இருந்தது பத்து ஓட்டை. அவர் பாடும் பகுதி அதற்கும் கீழே இறங்கும்.

கீழ் சுரத்துக்கென்று தனி மௌத் ஆர்கன் கிடைக்கும் என்றேன். பாட்டு நடுவில் ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்க நேரம் இல்லையாம். இதிலேயே மூன்று ஓட்டை கூட்ட வேண்டுமாம். நான் தலையைச் சொறிந்ததைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"முடியாதுன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி, சத்தம் போட்டு அழக்கூட எனக்கு ஏலாது."

செத்தவை இருந்த டப்பா

என்னிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறையச் செத்துப்போன மௌத் ஆர்கன்கள் கிடந்தன. மௌத் ஆர்கன் உள்ளே பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு கட்டை, மேலும் கீழும் இரண்டு பித்தளைத் தகடு, தகட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன நாக்குகள். நாக்கு நீளமானால் சுரம் கீழே இறங்கும். கனத்த சுரமுள்ள ஒன்றைத் தேடி எடுத்து, அதன் தகட்டில் முதல் மூன்று ஓட்டையை மட்டும் அறுத்து, அக்காவின் தகட்டோடு சேர்த்து வைக்க வேண்டும். சொல்வது லேசு. முதல் தகட்டை அறுக்கும்போது ஒரு நாக்கு 'டிங்'கென்று ஒடிந்து ஓடிவிட்டது. நல்லவேளை, டப்பாவில் அதே மாதிரி இன்னொன்று கிடந்தது.

இந்தத் தடவை பக்கத்துக் கடை பைக் மெக்கானிக் கண்ணனிடம் கொண்டுபோனேன். அவரிடம்தான் நல்ல வைஸ் உண்டு. தகட்டை இறுக்கிப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அறுத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் பித்தளைத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குப் புல்லட்டு எஞ்சினைப் பிரிச்சு மாட்டிரலாம் சார், அது வாயில வைக்கிற சாமான் இல்லைல."

ஊதிய கட்டை

பதிமூன்று ஓட்டைக்கு நடுக்கட்டை கடையில் கிடைக்காது. சில்வர் ஓக் பலகையில் நானே செதுக்கினேன். டப்பாவில் கிடைக்காத ஒரு கீழ் சுரத்துக்கு, நாக்கின் நுனியில் பொட்டு ஈயம் வைத்து இறக்கினேன். அக்கா வந்து வாசித்தார். ஐந்து நிமிஷம் தேன். பத்தாவது நிமிஷம் கீழ் சுரம் ஒவ்வொன்றாக அடங்கிப்போனது. மூச்சின் ஈரமும் வெளியே பனியும் சேர்ந்து கட்டை உப்பி, நாக்குகளைப் பிடித்துக்கொண்டது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள். அக்கா அதைக் கைக்குட்டையில் துடைத்து என் மேஜையில் வைத்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது, எதிரே மனைவி வெள்ளை பிளாஸ்டிக் பலகையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஊறப்போட்டாலும் உப்பாத பலகை! கேட்காமலே பிடுங்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். நாலு நாளில் புதுக் கட்டை தயார். அரை மணி நேரம் விடாமல் ஊதினேன். ஒரு நாக்கும் ஒட்டவில்லை. சந்தோஷத்தில் வீட்டுக்கு எடுத்துவந்து மனைவியிடம் நீட்டினேன். முகர்ந்து பார்த்தாள்.

"வெங்காய வாசம் போகலைங்க, கல்யாணத்துல அந்தக்கா கண்ணுல தண்ணி வந்தா வாசிச்சதுக்குன்னு நெனைச்சுக்கிராதீங்க."

கடைசி பெஞ்சில் ஒருவன்

கல்யாணத்தன்று வெள்ளனே பூண்டி பஸ் ஏறினேன். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், மெல்லிய ஊசி, உதிரி நாக்கு இரண்டு. கோயிலுக்குள் பனி புகுந்து நின்றது. குளிரில் கனத்த நாக்கு சட்டென்று பேசாது என்பது எனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். மற்ற இரண்டு பெண்களும் பாட ஆரம்பித்தார்கள். அக்கா சால்வைக்குள்ளிருந்து மௌத் ஆர்கனை எடுத்தார். அதுவரை நெஞ்சோடு வைத்துச் சூடாக்கியிருக்கிறார்! பாட்டு கீழே இறங்கும் இடம் வந்தது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

வந்தது. ஈயப் பொட்டு வைத்த அந்தச் சுரம், பிசிறில்லாமல், அந்த இரண்டு குரலையும் தாங்கிக்கொண்டு வந்தது. பாட்டு முடிந்த பிறகுதான் என் கைவிரல் வலிப்பதே தெரிந்தது. வெளியே வாசலில், மாலையும் கழுத்துமாக மணப்பெண் என்னிடம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"அம்மாகிட்டத் திட்டு வாங்கி எட்டு மாசம் ஆச்சுண்ணே, இன்னிக்குத்தான் வாங்குன மாதிரி இருந்துச்சு."

இப்போதெல்லாம் ஓட்டை கூட்டித் தரச் சொல்லி யார் வந்தாலும் முடியவே முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்கிறேன்.